மரத்தடியில் கிடக்கும் உருண்டை எந்தப் பறவையுடையது? பெல்லட்டை அடையாளம் காணும் முறை

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு பெரிய மரத்தின் அடியில் கட்டைவிரல் பருமனில், முடியும் எலும்பும் இறுகிய சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கின்றன. அவை ஆந்தை போட்டவையா, பருந்து போட்டவையா, ஏதாவது விலங்கின் கழிவா? நீளத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் போதுமா?

போதாது. நீள அட்டவணையில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். ஒரே கூகை ஒரு நாள் மூன்று சென்டிமீட்டரிலும் மறுநாள் ஏழு சென்டிமீட்டரிலும் உருண்டை போடும். இரவில் எத்தனை எலி அகப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் எலும்பின் நிலை. அடுத்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பது. மூன்றாவது, கிடந்த இடம். அளவு கடைசியில்தான் வரும். அதுவும் முன்னே சொன்ன மூன்றும் காட்டிய முடிவை உறுதி செய்வதற்கு மட்டும்.

இந்த உருண்டை எச்சம் அல்ல. பறவை நோக்குவோர் இதைப் பெல்லட் என்கிறார்கள். இது வாய் வழியாக வெளியே வருவது. இரையில் செரிக்காமல் மிஞ்சும் முடி, இறகு, எலும்பு, பல், நகம், பூச்சி ஓடு ஆகியவற்றை இரைப்பையின் தசைப்பகுதி பிழிந்து, உருட்டி, மேலே தள்ளுகிறது. குடலுக்குள் போகவே போகாததால் இதற்கு மல நாற்றம் இருக்காது. ஆந்தை மட்டுமே இப்படிக் கக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பருந்து, வல்லூறு, ராஜாளி, காகம், கடற்காகம், நீர்க்காகம், நாரை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கீச்சான், பனங்காடை எல்லாமே கக்குகின்றன. ஆகவே உருண்டை கிடந்தால் ஆந்தைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எலும்பின் நிலையை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பறவையின் வயிறு தன் கையெழுத்தை விட்டுச் செல்லும் இடம் அதுதான். ஆந்தைக்குத் தீனிப்பை, அதாவது இரையைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் தொண்டைப் பை, கிடையாது. சிறிய இரையை முழுதாக விழுங்கும். அது நேரே வயிற்றுக்குப் போகும். அங்கே சுரக்கும் அமிலமும் ஒப்பீட்டளவில் மென்மையானது. ஆந்தைகளின் வயிற்று அமிலத்தன்மை பிஎச் 2.3 அளவில் இருக்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் வீரியமாகும்). பருந்து, வல்லூறு, ராஜாளி வகைகளில் அது 1.6 அளவுக்கு இறங்கும். எண்ணில் சிறிய வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் பிஎச் அளவுகோலில் அது ஐந்து மடங்கு வீரியம். ஆந்தையின் வயிற்றில் எலியின் தசை கரைந்து போகும், எலும்பு அப்படியே நிற்கும். பருந்தின் வயிற்றில் எலும்பிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். போதாததற்குப் பகல்நேர வேட்டைப் பறவைகள் இரையைக் கிழித்துத் தின்கின்றன. மண்டை ஓட்டையும் பெரிய எலும்புகளையும் பல சமயம் தின்னாமலே விட்டுவிடுகின்றன.

உருண்டையைப் பிரித்ததும் முழு மண்டை ஓடு, பல்லோடு கூடிய கீழ்த்தாடை, முனை மழுங்காத தொடை எலும்பு என்று வரிசையாக வந்தால் அது ஆந்தை. முடி மட்டும் கம்பளி போலத் திரண்டு, நடுவே நாலைந்து அரித்த எலும்புச் சில்லும் நகங்களும் இருந்தால் பகல்நேர வேட்டைப் பறவை. அரித்த எலும்பைக் கண்டுகொள்ள ஒரு பத்து மடங்கு கைலென்ஸ் போதும். முனைகள் கரைந்த சர்க்கரைக்கட்டி போல உருண்டிருக்கும். பல்லின் பளபளப்பான எனாமல் குழிகுழியாக இருக்கும், சில இடங்களில் உரிந்தே போயிருக்கும். கூகை போட்ட எலும்பில் இந்த அரிப்பு மிகக் குறைவு.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. வளரும் ஆந்தைக் குஞ்சுகள் எலும்பைக் கூடுதலாகச் செரிக்கின்றன, அவற்றின் உடலுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. கூட்டுக்கு அடியில் எடுத்த உருண்டையில் எலும்பு குறைவாக இருந்தால் உடனே பருந்து என்று எழுதிவிடாதீர்கள். பெரிய ஆந்தைகள் முயல் அளவு இரையைத் துண்டாக்கித் தின்னும்போதும் உடைந்த எலும்புகளே கிடைக்கும். அப்போது பார்க்க வேண்டியது உடைந்திருக்கிறதா என்பதை அல்ல, அரித்திருக்கிறதா என்பதை. உடைவு அலகின் வேலை. அரிப்புதான் வயிற்றின் வேலை.

கழிவா, பெல்லட்டா?

மாமிசம் தின்னும் விலங்குகளின் கழிவிலும் முடியும் எலும்பும் இருக்கும், குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நரி, பூனை, மரநாய் போன்றவை எலும்பைக் கடித்து நொறுக்கி விழுங்குகின்றன. ஆகவே கழிவில் கூரான சில்லுகள் கிடைக்குமே தவிர முழுத் தாடை கிடைப்பது அரிது. குடல் வழியே வருவதால் முடி கயிறு போல முறுக்கேறியிருக்கும், ஒரு முனை வால் போல நீண்டு மெலிந்திருக்கும். பெல்லட்டில் முடி எல்லாத் திசையிலும் பின்னி, கம்பளித் துண்டு போல இருக்கும், முறுக்கு இருக்காது. முகர்ந்து பார்த்தால் ஈரமான பெல்லட்டில் மக்கிய மண்வாடை வரும், கழிவில் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வரும். முகர்வதென்றால் மூக்கருகே கொண்டு போகாமல் கையால் காற்றை விசிறிப் பாருங்கள்.

இன்னும் சில ஏமாற்றுக்காரர்கள் உண்டு. பூனை கக்கும் முடிக்கட்டியில் முடி மட்டும்தான் இருக்கும், அதுவும் நக்கி விழுங்கிய அதன் சொந்த முடி. பாம்பின் கழிவில் முடி இருக்கலாம். ஆனால் அதோடு சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கும், எலும்பு ஏறக்குறைய இருக்காது. பலரும் அறியாதது தேரையின் கழிவு. தேரையின் உடல் அளவோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரியது, முழுக்க வண்டு ஓடும் எறும்புத் தலையும் நிறைந்தது. சிறிய ஆந்தையின் பெல்லட் என்று நம்பி எடுத்து வருகிறவர்கள் உண்டு. விளக்கு வெளிச்சம் விழும் தரையிலோ ஈரமான திண்ணை ஓரத்திலோ, மேலே பறவை உட்கார எதுவுமே இல்லாத இடத்தில் பூச்சி ஓடு நிறைந்த உருளை கிடந்தால் முதலில் தேரையைச் சந்தேகியுங்கள். முள்ளெலியின் கழிவும் இப்படியேதான்: கருப்பாக, மினுமினுப்பாக, பூச்சித் துகளோடு இருக்கும்.

ஆந்தைகளுக்குள் பிரித்தறிவது

எல்லா ஆந்தையிலும் எளிது கூகை. புதிய உருண்டை கருமையாக, மேலே வார்னிஷ் பூசியது போல மினுங்கும். எச்சில் படலம் காய்ந்ததால் வரும் மினுக்கு அது. இரு முனையும் உருண்டிருக்கும். நீளம் 3 முதல் 7 சென்டிமீட்டர், பருமன் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். ஒன்றைப் பிரித்தால் மூன்று, நான்கு, சில சமயம் ஆறு மண்டை ஓடு கூட வரும். நாளாக ஆக மினுக்கு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிலையில் மற்ற நடுத்தர ஆந்தைகளின் உருண்டையோடு எளிதில் குழம்பும். கூகை ஒரு நாளுக்குப் பெரும்பாலும் இரண்டு உருண்டை கக்கும். பகலில் ஒடுங்கும் இடத்தில் ஒன்று விழும், இரவில் வேட்டைக்கு நடுவே உட்காரும் இடத்தில் மற்றொன்று. பாழடைந்த கட்டடம், கிணற்றுச் சுவர்ப் பொந்து, கோபுரம், களஞ்சியம் ஆகிய இடங்களில் பல ஆண்டுகளின் உருண்டைகள் கம்பளம் போலப் படிந்து கிடக்கும்.

காட்டு ஆந்தைகளின் உருண்டை சாம்பல் நிறத்தில், மேடு பள்ளமாக, முனை கூம்பி இருக்கும். படலத்தின் மினுக்கு இருக்காது, எலும்புகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் பரவலாக உள்ள டானி ஆந்தை மண்புழுவையும் தின்னும். அப்போது உருண்டையில் மண்ணும் நாருமாக ஒரு பழுப்புக் கூழ் காய்ந்து கிடக்கும். அதில் எலும்பே இல்லையே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு துளியை நீரில் கலக்கி நுண்ணோக்கியில் வைத்தால் மண்புழுவின் பொன்னிறச் சிறு முட்கள் தெரியும். நீளக்காது ஆந்தையின் உருண்டை மெலிந்து நீண்டது, 4 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு 2 சென்டிமீட்டர் பருமன். குளிர்காலத்தில் பல பறவைகள் ஒரே மரக்கூட்டத்தில் ஒடுங்குவதால் அடியில் குவியலாகக் கிடைக்கும். குட்டைக்காது ஆந்தையின் உருண்டையும் ஏறக்குறைய அதே வடிவம்தான், ஆனால் அது புல்வெளியில் தரையிலேயே ஒடுங்கும் பறவை. இந்த இரண்டையும் கிடந்த இடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். உருண்டையை மட்டும் காட்டிக் கேட்டால் நேர்மையான பதில் இரண்டில் ஒன்று என்பதே.

சின்ன ஆந்தை, புள்ளி ஆந்தை போன்ற சிறியவை 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்தில், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் பருமனில் போடும். வண்டின் இறக்கை உறை, வெட்டுக்கிளித் தாடை, பிள்ளைப்பூச்சியின் கால் ஆகியவற்றோடு அவ்வப்போது ஒரு சுண்டெலியோ பல்லியோ இருக்கும். முடி குறைவாக இருப்பதால் பிணைப்பு இருக்காது, தொட்டாலே உதிரும். தேள் தின்றதா என்று அறிய புற ஊதா டார்ச் ஒன்று போதும்: தேளின் ஓட்டுத் துண்டு அந்த ஒளியில் பச்சை நீலமாக ஒளிரும்.

கொம்பன் ஆந்தை வகைகள் 7 முதல் 10 சென்டிமீட்டர், சில நேரம் அதற்கும் மேல் போகும். முயல், பெரிய எலி, காகம், முள்ளெலி எல்லாம் அதில் உண்டு. முள்ளெலியின் முள் கூட அப்படியே வரும். மீன் தின்னும் பூமன் ஆந்தை விதிக்குள் அடங்காதது. அதன் உருண்டையில் முடி இல்லை, மீன் முள்ளும் நண்டு ஓடும்தான். ஒட்டிப் பிடிக்க எதுவும் இல்லாததால் விழுந்த இடத்திலேயே சிதறிவிடும். நீரோரப் பாறையில் நண்டு ஓட்டுச் சிதறலைக் கண்டால் உடனே நீர்நாய் என்று முடிவு செய்ய வேண்டாம். நீர்நாயின் கழிவில் கடுமையான மீன் நாற்றம் இருக்கும்.

பகல்நேர வேட்டைப் பறவைகளும் மற்றவையும்

கெஸ்ட்ரல் எனப்படும் சிற்றெழாலின் பெல்லட் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் பருமன், வெளிர் சாம்பல் நிறம், ஒரு முனை சற்றுக் கூர்மை. முடிக்கு நடுவே பூச்சி ஓடும் சில எலும்புச் சில்லும் இருக்கும். வல்லூறு, ராஜாளி ஆகியவை பறவை வேட்டைக்காரர்கள் என்பதால் அவற்றின் உருண்டையில் இறகுதான் மிகுதி: இறகுத் தண்டுகள் மடங்கி நெருங்கியிருக்கும், நடுநடுவே சிறு பறவையின் நகமும் அலகின் மேலுறையும் கிடைக்கும். இறகுகளைத் தூக்கி எறியும் முன் கால்வளையம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வாளர்கள் பறவைக்கு மாட்டிய உலோக வளையம் இப்படிப் பெல்லட்டில் கிடைப்பது உண்டு. அதில் பொறித்த எண்ணை உரிய வளையமிடும் மையத்துக்கு எழுதினால் ஒரு பறவையின் வாழ்க்கைக் குறிப்பு நிறைவு பெறும்.

பெரிய பருந்து வகைகளின் உருண்டை 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை, முடி கட்டியாக இறுகி எலும்பு அரிதாக இருக்கும். குப்பையிலும் மேயும் பருந்துகள் துணி நூல், காகிதம், தாவர நார் எல்லாம் கலந்து போடும். தின்னும் இரையில் முடியோ இறகோ இல்லாவிட்டால் உருண்டையே உருவாகாது. சதையை மட்டும் தின்ற பறவை மறுநாள் எதையும் கக்காததில் வியப்பில்லை. இந்த வகைப் பறவைகள் பொதுவாக நாளுக்கு ஒன்று, காலையில் அடுத்த வேட்டைக்கு முன் கக்கும்.

காகத்தின் பெல்லட் வேட்டைப் பறவையுடையதாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு. அதில் உமி, விதைத்தோல், பூச்சித் துகள், சிறு கற்கள், சில சமயம் ரப்பர் வளையமும் பிளாஸ்டிக்கும் இருக்கும். இறுக்கம் இல்லை. சிறு கல் நிறைய இருந்தால் பெரும்பாலும் காக வகையே. கடற்காகம் எதையும் தின்னும், எதையும் கக்கும்: மீன் முள், நண்டு ஓடு, தானிய உமி, அலுமினியத் தாள், கண்ணாடித் துண்டு எல்லாம். நீர்க்காகம் போடுவது தனி ரகம். வயிற்றின் உள்சவ்வு போன்ற கோழைப் பைக்குள் மீன் முட்கள் மூடியிருக்கும், காய்ந்தால் தோல் போலச் சுருங்கும். அதில் தேட வேண்டியது மீனின் செவிக்கல். இனத்துக்கு இனம் வடிவம் மாறும் அந்தச் சிறு வெள்ளைக் கல்லை வைத்து எந்த மீன் என்றும், அதன் அளவைக் கொண்டு எவ்வளவு பெரிய மீன் என்றும் சொல்லலாம்.

நாரைகளும் கொக்குகளும் மீன் தின்பவைதானே, மீன் முள் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருக்காது. அவற்றின் வயிற்று அமிலம் மீன் எலும்பைக் கரைத்துவிடும். கக்குவது எலி முடியும் பூச்சி ஓடும் திரண்ட மெத்தென்ற கட்டி. கொக்குக் குடியிருப்பின் அடியில் முழு மீனோ பாதி மீனோ நாறிக் கிடந்தால் அது பெல்லட் அல்ல, குஞ்சுகள் மிரண்டு கக்கிய உணவு. மீன்கொத்தியின் உருண்டை வெண்மையாக, விரல் நகம் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை, பொடிப்பொடியான மீன் முள்ளால் ஆனது, ஊதினால் கலையும். பஞ்சுருட்டான் போடுவது தேனீ, தும்பி ஆகியவற்றின் கருத்த ஓடு நிறைந்த சிறு உருளை. கம்பி வரிசையின் கீழே கிடைக்கும். கீச்சானுடையதும் சிறியதுதான். வண்டு ஓடோடு பல்லியின் எலும்போ சுண்டெலியின் எலும்போ அதில் கலந்திருந்தால், அருகே முள்ளில் குத்தி வைத்த இரை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். முக்குளிப்பான் தன் சொந்த இறகையே விழுங்கி, மீன் முள்ளோடு சேர்த்துக் கக்கும் வினோதப் பறவை. ஆனால் அது நீரிலேயே விழுவதால் கைக்குக் கிடைப்பது அபூர்வம்.

இடத்தைப் படிக்கும்போது தரையை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. மேலே பார்க்க வேண்டும். ஆந்தையின் எச்சம் உட்கார்ந்த கிளைக்கு நேர் கீழே சொட்டிச் சுண்ணாம்பு அடித்தது போலத் தடித்துப் படியும். பருந்து, வல்லூறு வகைகள் எச்சத்தைப் பின்னோக்கிப் பீய்ச்சும், ஆகவே வெள்ளைக் கோடுகள் கிளையிலிருந்து விலகி நீண்டு கிடக்கும். அடர்ந்த இலைக்குள், தண்டை ஒட்டிய கிளை என்றால் ஆந்தை. வெட்டவெளியில் தனித்த கம்பம், பட்ட மரத்தின் உச்சி என்றால் பகல்நேர வேட்டைப் பறவை. இரண்டும் வேறு வேறு நேரத்தில் ஒரே மரத்தைப் பயன்படுத்துவதும் உண்டு, அதனால் ஒரு குவியல் முழுதும் ஒரே பறவையுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடுப்பதும் பிரிப்பதும்

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பள்ளிகளில் ஆந்தைப் பெல்லட்டைப் பிரித்த வகுப்புகளிலிருந்து சால்மொனெல்லா தொற்று பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மூடிய கட்டடத்துக்குள் பழைய குவியலைக் கிளறினால் தூசு பறக்கும், முகக்கவசம் அவசியம். ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், எலும்பு நிறம் மாறும், முடி கூழாகும். உறை மேல் பென்சிலால் தேதி, இடம், எந்த மரம் அல்லது எந்தச் சுவர், புதியதா பழையதா என்று எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். எழுதாத பெல்லட்டுக்கு ஆய்வு மதிப்பு இல்லை, எவ்வளவு அழகான மண்டை ஓடு உள்ளே இருந்தாலும்.

நிழலில் நன்றாக உலர்த்திய பின் இரண்டு வேலை உண்டு. முடி தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்கள் உருண்டைக்குள் இருக்கும். அவற்றை விட்டுவைத்தால் சில வாரத்தில் முடியெல்லாம் போய் எலும்பும் தூளும்தான் மிஞ்சும். உறையோடு உறைவிப்பானில் மைனஸ் 18 முதல் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது மூன்று நாள் வையுங்கள். இது புழுவைக் கொல்லும், கிருமியைக் கொல்லாது. கிருமிக்காக, அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி சூட்டில் 40 நிமிடம் ஓவனில் வைக்க வேண்டும். குழந்தைகள் பிரிக்கப் போகிறார்கள் என்றால் இதைத் தவறவே விடக் கூடாது. சாப்பிடும் மேசையில் பிரிப்பதும் கூடாது. முடிந்ததும் கையையும் மேசையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பிரிக்கும் முன் முழு உருண்டையை அளவுகோலோடு படம் எடுங்கள். நீளம், பருமன் இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். பிரித்த பின் அளக்க எதுவும் இருக்காது. இந்தப் படியை மறந்துவிட்டு வருந்துகிறவர்கள் ஏராளம்.

பூச்சி நிறைந்ததை உலர்வாகவே, வெள்ளைத் தாளின் மேல் ஊசியும் சாமணமும் கொண்டு பிரியுங்கள். எலி முடி நிறைந்ததை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் முடி தளர்ந்து எலும்பிலிருந்து தானாக விலகும். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கண் உள்ள சல்லடையில் அலசுங்கள். பெரிய கண் சல்லடையில் மூஞ்சூறின் பல்லும் பல்லியின் தாடையும் தண்ணீரோடு போய்விடும், பிறகு கூகை எலி மட்டுமே தின்கிறது என்ற பொய்யான முடிவுக்கு வருவீர்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் 8 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதாவது நூறு மில்லி கரைசலுக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா, இரண்டு முதல் நான்கு மணி நேரம் போட்டால் முடி கரைந்து எலும்பு நிற்கும். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ மட்டும், அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கண்ணுக்குக் கவசம் கட்டாயம். இந்த முறையில் இறகும் நகமும் சேர்ந்தே கரையும். பறவை தின்றதா என்று அறிய வேண்டுமானால் இதைப் பயன்படுத்தாதீர்கள். எலும்பை வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில மணி நேரம் போதும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் எலும்பைப் பொடிபொடியாக உரித்துவிடும்.

பல்லும் தாடையும் சொல்லும் கதை

எலும்புகளில் முதலில் மண்டை ஓட்டையும் கீழ்த்தாடையையும் தனியே எடுத்து வையுங்கள். கொறிப்பனவற்றுக்கு முன்னே உளி போன்ற இரண்டு வெட்டுப்பற்கள், முன்புறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு எனாமல்; பிறகு வெற்றிடம், அதன் பின் கடைவாய்ப்பற்கள். கோரைப்பல் கிடையாது. மூஞ்சூறுக்கு அந்த வெற்றிடம் இல்லை: முனையிலிருந்து கடைசி வரை கூரான பற்கள் தொடர்ச்சியாக நிற்கும், கன்ன எலும்பு வளைவும் இருக்காது. சில மூஞ்சூறு இனங்களில் பல் முனை சிவந்திருக்கும், மற்றவற்றில் முழு வெள்ளை. வெளவாலுக்கு உயர்ந்த கோரைப்பற்கள்; பூச்சி தின்னும் வெளவால்கள் பலவற்றில் மேல்தாடையின் முன்நடுவே ஒரு வெட்டு தெரியும்.

எலிகளுக்குள் பிரிக்க, மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லைச் சாமணத்தால் மெல்லக் கழற்றிவிட்டு, எலும்பில் எத்தனை வேர்க்குழி என்று எண்ணுங்கள். வீட்டுச் சுண்டெலிக்கு மூன்று, ஐரோப்பியக் காட்டுச் சுண்டெலிக்கு நான்கு, வீட்டெலி வகைக்கு ஐந்து. வீட்டுச் சுண்டெலியின் மேல் வெட்டுப்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் உள்முனையில் படி போல ஒரு வெட்டு தெரியும். வோல் எனப்படும் குட்டைவால் எலிகளின் கடைவாய்ப்பல் மேல்பரப்பு வளைந்து வளைந்து செல்லும் முக்கோண வரிசை, ஒரு முறை பார்த்தால் மறக்காது. மண்டை ஓட்டின் பின்பகுதி உடைந்திருப்பது இயல்பு; ஆந்தை பிடரியைக் கடித்துக் கொல்வதால் அந்த உடைவு வருகிறது.

பாலூட்டி அல்லாதவற்றில் முள்ளெலும்பு கைகொடுக்கும். மீனின் முள்ளெலும்பு இரு பக்கமும் குழிந்தது. பாம்பினுடையதில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குமிழ். தவளையைக் காட்டிக்கொடுப்பது கீழ்க்கால் எலும்பு: இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றானது, இரு முனையிலும் நடுவே பள்ளம் தெரியும். பறவைக்கு மார்பெலும்பின் நடு முகடும், அடியில் மூன்று குமிழ் கொண்ட கால் எலும்பும்.

எத்தனை உயிர் என்று எண்ணும்போது எல்லா எலும்பையும் கூட்டாதீர்கள். இடது கீழ்த்தாடை, வலது கீழ்த்தாடை, மண்டை ஓடு என மூன்று குவியல். எது அதிகமோ அதுவே குறைந்தபட்ச எண்ணிக்கை. இடது ஐந்து, வலது நான்கு, மண்டை மூன்று என்றால் குறைந்தது ஐந்து எலி. வலது தாடைகளில் ஒன்று எந்த இடதோடும் அளவில் பொருந்தாவிட்டால் ஆறு.

இந்த எண்ணிக்கையை வைத்து இரை விகிதம் கணக்கிடும்போது இரண்டு சாய்வுகளை நினைவில் வையுங்கள். பருந்து வகையின் பெல்லட் எலும்பைக் கரைத்துவிடுவதால் அதன் இரையைக் குறைத்தே காட்டும். அந்த எண்களை ஆந்தையின் எண்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது. மற்றது, பூச்சி உருண்டை ஒரு மழையில் கரைந்துபோகும், எலி முடி உருண்டை மாதக்கணக்கில் கிடக்கும். மாதம் ஒரு முறை போய்ப் பொறுக்கினால் எல்லா ஆந்தையும் எலி மட்டுமே தின்பதாகத் தோன்றும். வாரம் ஒரு முறையாவது, ஒரே நாளில், அடியைச் சுத்தமாகத் துடைத்து எடுப்பது நல்லது. குஞ்சு இருக்கும் காலத்தில் கூட்டுக்கு நேர் கீழே போகாமல் ஒதுங்கியிருங்கள், அல்லது பறவை வெளியே போன பின் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துத் திரும்புங்கள்.

படம் அனுப்பிக் கேட்பதாக இருந்தால் நான்கு படம் வேண்டும்: முழு உருண்டை அளவுகோலோடு, பிளந்த உட்புறம், மண்டை ஓட்டின் அடிப்பக்கம் பல் தெரியும்படி, உட்காரும் கிளை அல்லது சுவர். உருண்டையின் படம் ஒன்று மட்டும் வந்தால் 'நடுத்தர ஆந்தை' என்பதற்கு மேல் பொறுப்போடு சொல்ல முடியாது. உங்கள் குறிப்பேட்டிலும் அந்த அளவுக்கே எழுதுங்கள். 'கூகை, உறுதி', 'கூகையாக இருக்கலாம்', 'நடுத்தர ஆந்தை' என்று மூன்று படிநிலை வைத்துக்கொண்டால் பின்னால் திருத்துவது எளிது.

உறுதியாகவே தெரிய வேண்டும் என்றால் வழி ஒன்று உண்டு. மாலையில் மரத்தடியில் கிடப்பதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, வெளிர் நிறப் பழைய துணி ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். விடிந்ததும் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பாருங்கள். துணியில் விழுந்த உருண்டையின் ஈரமும், எந்த வேளையில் விழுந்தது என்பதும், மேலே அப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் சேர்ந்தால் அந்த மரத்துக்கு ஒரு மாதிரி உருண்டை உங்களிடம் இருக்கும். அதை உறையிலிட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, பழைய குவியலை அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு வேளையும் வேறு வேறு வகை விழுந்தால், அந்த மரத்தைப் பகலில் ஒரு பறவையும் இரவில் இன்னொன்றும் பயன்படுத்துகின்றன. பழைய குவியலையும் இரண்டாகப் பிரித்து எண்ண வேண்டும்.